சடச்சி வில்லின் மேல்தண்டு திருகுகிறது: சூடு காட்டவா, சீவவா?

கோதையாறு

அனைவருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் எங்கள் விளையில் (தோட்டத்தில்) காற்றில் சாய்ந்த சடச்சி மரத்தைப் பிளந்து ஒற்றை மர வில் செய்துகொண்டிருக்கிறேன். ஒட்டு கிடையாது, முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கும் முகத்தில், நார் ஒட்டுவதும் கிடையாது, ஒரே துண்டு. நீளம் 66 அங்குலம். பிடிக்கு இருபுறமும் அகலம் 14 நூல் (8 நூல் ஒரு அங்குலம்). நுனியில் இப்போதைக்கு 6 நூல் விட்டிருக்கிறேன், கடைசியில் 4 நூலாகக் குறைக்கலாம் என்று எண்ணம். 28 அங்குலம் இழுக்கும்போது 40 பவுண்டு வந்தால் போதும்.

சுவரில் அடித்த இழுப்புச் சட்டத்தில் வைத்து, நீளமான நாண் போட்டு, கப்பியில் கயிறு கொடுத்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். கீழ்த்தண்டு ஒழுங்காக வளைகிறது. மேல்தண்டு பாதியைத் தாண்டியதும் ஒருபக்கமாகத் திருகுகிறது. குட்டை நாண் ஏற்றி, நாண் என் பக்கம் இருக்கும்படி பிடித்துப் பார்த்தால், நாண் பிடியின் நடுவில் விழாமல் இடது விளிம்பை ஒட்டி ஓடுகிறது. மரத்தின் நாரோட்டமே கொஞ்சம் முறுக்குத்தான், பிளக்கும்போதே தெரிந்தது. பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஹீட் கன் தருவதாகச் சொல்கிறார். சூடு காட்டி நேராக்குவதா, சீவிச் சரிசெய்வதா?

ஆரல்காற்று

தம்பி, முறுக்கு நார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு என்ன சந்தேகம்? சூடுதான். மரத்தில் நாரையும் நாரையும் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும், ஆறியதும் இறுகும். பிடியை இடுக்கியில் மாட்டி, திருகல் தொடங்கும் இடத்தில் ஹீட் கன்னை மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் பிடித்து முன்னும் பின்னும் ஓட்டுங்கள். உள்முகத்தில் (நாண் இருக்கும் பக்கம்) தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கருகாது, சூடும் ஒரே சீராகப் பரவும். முதுகுப்பக்கம் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் உள்ளே சூடு இறங்கிவிட்டது என்று பொருள். நுனிக்கு அருகில் இரண்டு ரீப்பர் துண்டுகளை மேலும் கீழும் வைத்துக் கிளாம்ப் போட்டு, அதையே நெம்புகோலாக்கி எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டுங்கள். நான் ரீப்பரின் முனையில் வாளியைத் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவேன். கையால் திருப்பினால் மரம் எங்கே இளகுகிறது என்று தெரியாமல் அவசரப்பட்டுவிடுவோம். தண்ணீரின் எடை ஏற ஏற மரம் தானாக இணங்கி வரும். தேவையான அளவுக்குச் சற்று மேலாகவே திருப்பி வையுங்கள், விடுவித்ததும் கொஞ்சம் பின்வாங்கும். இரவு முழுக்க அப்படியே ஆறட்டும்.

தக்கலைத் தச்சன்

சூடு காட்டும் முறையில் ஆரல்வாய்மொழித் தம்பி சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வில்லுக்கு அது வேண்டுமா என்பது இன்னும் தெரியவில்லை. எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

மரத்திலேயே திருகல் இருக்கலாம். அப்படியென்றால் நாண் போடாமல் மேசையில் கிடக்கும்போதே தெரியும். அல்லது கிடக்கும்போது நேராக இருந்து, வளைத்தால் மட்டும் திருகலாம். அது மரத்தின் குற்றம் அல்ல, ஒரு விளிம்பு தடித்தும் ஒரு விளிம்பு மெலிந்தும் இருப்பதால் வருவது. மூன்றாவது, தண்டில் திருகலே இல்லாமல் நுனியும் குதையும் (நாணின் கண்ணி மாட்டும் வெட்டு) ஒருபக்கம் தள்ளி அமைந்ததால் நாணின் தடம் மட்டும் விலகலாம். முதலாவதற்குத்தான் சூடு. இரண்டாவதற்குச் சீவுளி. மூன்றாவதற்கு நுனியில் அரம் போட்டால் போதும். தடிப்பு வேறுபாட்டால் வரும் திருகலைச் சூட்டால் நேராக்கினால், நாண் ஏற்றி நாலு முறை இழுத்ததும் அதே திருகல் திரும்ப வந்து நிற்கும்.

பார்ப்பது எளிது. ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு ரீப்பர் துண்டுகளை எடுத்து ஒரு விளிம்பை இழைப்புளியால் நேராக இழைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிடிக்குப் பக்கத்தில் வில்லின் முதுகில் குறுக்காக வையுங்கள், மற்றதை நுனிக்குப் பக்கத்தில். முதுகு உருண்டையாக இருந்தால் ரப்பர் வளையம் போட்டு ஆடாமல் கட்டுங்கள். ஒரு கண்ணை மூடி, பக்கத்து ரீப்பரின் விளிம்புக்கு மேலாகத் தூரத்து ரீப்பரைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் திருகல் இல்லை. ஒரு முனை தூக்கித் தெரிந்தால் எவ்வளவு தூக்குகிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு தூரத்து ரீப்பரைச் சாண் சாணாக நகர்த்திப் பாருங்கள், எந்த இடத்தில் தூக்கத் தொடங்குகிறது என்பது அகப்படும். இதையே நாண் ஏற்றியும் ஒருமுறை செய்யுங்கள். கூடவே, தண்டின் இரு விளிம்புகளிலும் தடிப்பைக் காலிப்பரால் அளந்து சொல்லுங்கள். அதுவரை ஹீட் கன் நண்பரிடமே இருக்கட்டும்.

வேளிமலை

தச்சர் ஐயா தடிப்பை அளக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். வளையும் சட்டத்தின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதம், தடிப்புக்கோ மும்மடி விகிதம். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் கூடும். தடிப்பில் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறத்தாழ 33 சதவீதம் கூடும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத தடிப்பு வேறுபாடு வில்லைத் திருப்பிவிடுகிறது. கண்ணை நம்பாமல் காலிப்பரை நம்புங்கள்.

இலக்குப்பலகை

நாகர்கோவிலில் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கிறேன். அளவுகள் வருவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருகல் உள்ள வில்லைக் கையில் பிடித்து முழு இழுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம் தம்பி. தண்டு திரும்பினால் நாண் குதையிலிருந்து நழுவும். நழுவினால் தண்டு எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது, உங்கள் முகம் அதற்கு நேராகத்தான் இருக்கும். கப்பிக் கயிற்றை நீளமாக விட்டு, வில்லுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று இழுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நிற்பார்கள், அவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

கோதையாறு

நன்றி அக்கா, அப்படியே செய்தேன். தச்சர் ஐயா சொன்னபடி அளந்தவை இதோ.

நாண் இல்லாமல்: பிடியிலிருந்து பாதி வரை இரண்டு ரீப்பரும் ஒரே கோடு. பாதிக்கு மேல் மெல்லத் தூக்கத் தொடங்கி, நுனியில் ஒன்றரை அடி ரீப்பருக்கு ஒரு அங்குலம் வேறுபாடு. நாண் ஏற்றிய பிறகு அதே இடத்தில் மூன்று அங்குலம்.

தடிப்பு: மேல்தண்டின் நடுவில் இடது விளிம்பு 4 நூல், வலது விளிம்பு நாலரை நூல். நுனிக்கு ஒரு சாண் கீழே இரண்டும் சமம். கீழ்த்தண்டில் எங்கும் வேறுபாடு இல்லை.

வேளிமலை

கோணமாக்கினால் நாண் இல்லாமல் 3 பாகைக்குச் சற்று மேல், நாண் ஏற்றியதும் 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய ஆறேழு பாகை வளைப்பதால் மட்டும் வருகிறது. நாலுக்கு நாலரை என்றால் அந்த விளிம்பின் விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல். தண்டு தனக்கு எளிதான திசையில்தான் வளையும். இடது விளிம்பு மெலிந்திருப்பதால் உங்களை நோக்கி வளைவதோடு நுனி இடப்பக்கமும் சாய்கிறது. நுனி சாய்ந்தால் நாணும் இடப்பக்கம்தான் போகும். கணக்கு ஒத்துவருகிறது.

தக்கலைத் தச்சன்

நன்றாக அளந்திருக்கிறீர்கள் மக்களே. இப்போது தைரியமாகச் சொல்லலாம்: சூடு வேண்டாம், வலது விளிம்பைச் சீவுங்கள்.

எங்கே சீவுவது என்பதில்தான் கவனம் வேண்டும். திருகல் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது நுனியில். அதற்காக நுனியில் சீவக் கூடாது. நுனியில் தடிப்பு சமமாகத்தானே இருக்கிறது? திருகல் பிறக்கும் இடம் தண்டின் நடு. அங்கே வலது விளிம்பில், உள்முகத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பென்சிலால் கோடுகோடாகத் தீற்றிக்கொள்ளுங்கள். சீவுளியைச் செங்குத்தாகப் பிடித்து, பென்சில் தடம் மறையும் அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள். தூளாகவோ முடியளவு சுருளாகவோ வர வேண்டும், தடித்த சீவலாக வந்தால் கையின் அழுத்தம் அதிகம். விளிம்போடு நிறுத்திவிடாமல் நடுக்கோட்டை நோக்கிச் சரிவாகக் குறைத்து வாருங்கள், இல்லையென்றால் அங்கே ஒரு மேடு நிற்கும். முதுகைத் தொடவே கூடாது. இழுவிசையைத் தாங்குவது முதுகின் நார்தான், அதை அறுத்தால் அந்த இடத்திலேயே சிலாம்பு கிளம்பும்.

ஒருமுறை சுரண்டியதும் உடனே அளக்காதீர்கள். கயிற்றால் பாதி இழுப்புக்கு இருபது முப்பது முறை வளைத்து விடுங்கள். சுரண்டியதன் பலன் அதற்குப் பிறகுதான் வெளியே வரும். வளைக்காமல் அளந்து, "இன்னும் மாறவில்லை" என்று மறுபடி சுரண்டியே எத்தனையோ வில்கள் விறகாகப் போகின்றன. 40 பவுண்டு வேண்டும் என்கிறீர்கள். வலதில் எடுத்தால் மொத்த விசையும் கொஞ்சம் குறையும். இப்போது எவ்வளவு நிற்கிறது?

கோதையாறு

20 அங்குல இழுப்பில் 38 பவுண்டு காட்டுகிறது ஐயா. எடுப்பதற்கு மரம் இருக்கிறது.

ஆரல்காற்று

அளவுகளைப் பார்த்த பிறகு வளைவால் வரும் திருகலுக்குச் சீவுவதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரத்திலேயே இருக்கும் அந்த 3 பாகையை எளிதாக விட்டுவிடாதீர்கள். முறுக்கு நார் கொண்ட மரம் ஈரம் ஏறினால் ஒருபக்கமும் இறங்கினால் மறுபக்கமும் திரும்பும். இன்று 3 பாகை, மரம் இன்னும் காய்ந்தால் அது 6 ஆகலாம். மரம் முழுவதும் காய்ந்துவிட்டதா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுற்றும் காற்றுக்கு ஈரப்பலகைகூட விரைவில் காய்ந்துவிடும். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் அப்படி இல்லை. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, நடுவில் மலைச்சாரல் வேறு. ஒரே மாவட்டம்தான், ஆனால் அங்கே காய்ந்த மரம் என்று எடுத்து வந்தது இங்கே வந்ததும் இன்னும் காயும். கண்ணெதிரே திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

கோதையாறு

வீட்டுப் பரணில் கிடந்தது அண்ணா, வெட்டு முனைகளில் ஃபெவிகால் பூசித்தான் வைத்தேன். முழுவதும் காய்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் விளையில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் இருக்கிறது. அதில் சில நாள் வைத்து எடுத்தால் சரியாகிவிடுமா?

தக்கலைத் தச்சன்

புகைக்கூடம் வேண்டாம். ஷீட் உலர்த்தும்போது உள்ளே 40 முதல் 60 பாகை செல்சியஸ் சூடு நிற்கும். ரப்பருக்கு அது சரி. மரத்தின் மேற்பரப்பு சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், நடுவில் வெடிப்பு விழும். வெளியே தெரியாத வெடிப்பாக இருந்தால் இன்னும் மோசம்.

தராசில் நிறுத்துப் பாருங்கள், அதுதான் வழி. காய்கறி நிறுக்கும் சின்ன மின்தராசு போதும். வில்லை நிறுத்து எடையைச் சுவரில் எழுதி வையுங்கள். சில நாள் கழித்து மறுபடி நிறுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் ஈரம் இன்னும் வெளியேறுகிறது. ஒரே எடையில் நின்றுவிட்டால் உங்கள் ஊர்க் காற்றோடு மரம் சமமாகிவிட்டது. அதற்குப் பிறகு சீவத் தொடங்கலாம். இன்னொன்றும் உண்டு: ஈரம் உள்ள மரத்தை இழுத்தால் இழுத்த வளைவிலேயே நின்றுவிடும், நாணைக் கழற்றினாலும் முழுதும் நிமிராது. அப்படி நின்றுபோன வில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அம்பைத் தள்ளாது.

ஆரல்காற்று

ஐயா சொல்வது உண்மை. அதோடு, ஈரம் உள்ள மரத்தில் ஹீட் கன்னும் காட்டக் கூடாது, உள்ளே நீராவி கிளம்பிப் பிளக்கும். ஈரமரத்துக்கு ஆவிதான் பொருத்தம்: ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஆவியில் வேகவைத்து, கட்டையில் கட்டிப் பிறகு நிழலில் காயவிட வேண்டும். எந்த முறையானாலும் சூடு காட்டிய வில்லை மறுநாளே வளைக்காதீர்கள். சூடு மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டிருக்கும், காற்றிலிருந்து கொஞ்சம் ஈரம் திரும்ப ஏறும்வரை நொறுங்கும் தன்மையிலேயே இருக்கும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

வீசுகோல்

நான் வில்லுப்பாட்டுக்காரன், எங்கள் வில் அம்பு விடுவதில்லை. ஆனால் இந்த இழையைப் படித்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வில்லின் கதிர், அதாவது வளைந்த தண்டு, பனை வைரத்தில் செய்தது. நாண் கட்டி, மணிகள் கோத்து, வீசுகோலால் தட்டும்போது கதிர் ஒருபக்கம் திரும்பியிருந்தால் மணிகளெல்லாம் ஒரே பக்கம் சரிந்து தொங்கும், பாட்டு நடுவில் அது கண்ணை உறுத்தும். எங்கள் ஆசான் பனையில் துண்டு எடுக்கும்போதே நார் நேராக இறங்குகிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார். பனையில் அம்பு வில் செய்யலாமா என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆரல்காற்று

செய்யலாம் அண்ணன். நியூ கினியில் கரும்பனை வகை மரங்களில்தான் வில் செய்கிறார்கள். பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது, அதனால் மற்ற மரங்களைப் போல ஒரே வளையத்தைப் பின்தொடர்ந்து முதுகு அமைக்கும் வேலை இல்லை. வலிமை முழுவதும் வெளிப்புறத்துக் கருநாரில் இருக்கிறது, உள்ளே போகப் போகச் சோறு, அதாவது மென்மையான உட்பகுதி. தடிப்பைக் குறைக்கும்போது சோற்றுப்பக்கம் குறையுங்கள். இதற்குத் தனி இழை தொடங்கினால் நிறைய எழுதலாம்.

கோதையாறு

எடை நின்றுவிட்டது, அதன் பிறகுதான் சீவுளியை எடுத்தேன். வலது விளிம்பில் பென்சில் தீற்றிச் சுரண்டி, வளைத்து, அளந்து, மறுபடி தீற்றி என்று மெதுவாகவே போனேன். இப்போது நடுவில் இரண்டு விளிம்பும் 4 நூல். நாண் ஏற்றிப் பார்த்தால் ரீப்பர் ஒன்றேகால் அங்குலம்தான் தூக்குகிறது. நாண் இடது விளிம்பை விட்டு உள்ளே வந்துவிட்டது, ஆனாலும் நடுவுக்கு இன்னும் இரண்டு நூல் இடப்பக்கம் நிற்கிறது. மிச்சத்தையும் சீவியே எடுக்கவா?

தக்கலைத் தச்சன்

நிறுத்துங்கள். தடிப்பு சமமாகிவிட்டது, இனி வலதில் எடுத்தால் அது மெலிந்து வேறு குறை தொடங்கும். இனி நுனியில் வேலை. நுனியை 6 நூல் அகலத்தில் விட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று. குறைக்க வேண்டிய 2 நூலை இருபுறமும் சமமாக எடுக்காமல், முழுவதையும் இடது பக்கத்திலேயே எடுங்கள். நுனியின் நடு ஒரு நூல் வலப்பக்கம் நகரும். குதையையும் அப்படியே: இடது குதையைச் சற்று ஆழமாக அறுத்தால் நாணின் கண்ணி வலப்பக்கம் நகர்ந்து உட்காரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாண் எந்தப் பக்கம் வர வேண்டுமோ அந்தப் பக்கத்தை அறுத்துவிட்டு, இன்னும் விலகிப் போகிறதே என்று திகைப்பார்கள்.

வேளிமலை

ஒரு நுனியை மட்டும் ஒரு நூல் நகர்த்தினால், பிடியில் நாண் அரை நூல்தான் நகரும். கீழ் நுனியிலும் அதே பக்கம் எடுத்தால் ஒரு நூல். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொண்டு அறுங்கள், அறுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இலக்குப்பலகை

தம்பி, நீங்கள் வலது கையால் நாண் இழுப்பவரா? இடது கையில் வில்லைப் பிடித்து, அம்பை வில்லின் இடப்பக்கம் வைத்து எய்பவர் என்றால், நாண் நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் விழுவது குறையே அல்ல. உங்கள் வில்லில் அம்புக்காக வெட்டிய இடம் கிடையாது, அம்பு பிடியைச் சுற்றி வளைந்துதான் வெளியேற வேண்டும். நாண் அம்பின் பக்கமாக ஒரு நூல் தள்ளி இருந்தால் அம்பு அவ்வளவு குறைவாக வளைந்தால் போதும். கட்டைவிரலால் இழுத்து வலப்பக்கம் அம்பு வைப்பவராக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். நடு என்ற ஒன்றுக்காக நல்ல மரத்தை வீணாகச் சுரண்ட வேண்டாம். மரத்திலேயே இருக்கும் 3 பாகையும் அப்படித்தான். நாண் நகராமல் ஒரே தடத்தில் ஓடி, இழுக்கும்போது அந்தத் திருகல் கூடாமல் இருந்தால் அம்பு நேராகவே போகும்.

ஒரு வேண்டுகோள்: வைக்கோல் இலக்கில் மட்டும் எய்யுங்கள். வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், உங்கள் ஊருக்கு மேலே சரணாலயம் வேறு இருக்கிறது.

கோதையாறு

வலது கையால்தான் இழுக்கிறேன் அக்கா, அம்பு இடப்பக்கம். அப்படியென்றால் ஒரு நூல் இடப்பக்கமாகவே விட்டுவிடுகிறேன். இரண்டு நுனியிலும் இடது பக்கமே எடுத்தேன், வேளிமலை அண்ணன் சொன்ன கணக்குப்படியே நாண் ஒரு நூல் உள்ளே வந்து நிற்கிறது. 26 அங்குலம் வரை சட்டத்தில் இழுத்தேன், தடம் மாறவில்லை. இலக்கு எங்கள் களத்து வைக்கோல் கட்டுதான், அதைத் தாண்டி எதற்கும் இல்லை. மேலே என்ன பூசலாம்?

தக்கலைத் தச்சன்

முழு இழுப்புக்குக் கொண்டுபோய், அம்பு விட்டு, மறுபடி ரீப்பர் வைத்துப் பார்த்த பிறகு பூசுங்கள். முதலில் உப்புத்தாள், பெருமணலில் தொடங்கிச் சிறுமணல் வரை, முதுகின் விளிம்புகளை மழுக்கிவிடுங்கள். கூரான விளிம்பில்தான் சிலாம்பு கிளம்பும். ஆளி விதை எண்ணெய் கிடைத்தால் மெல்லிய பூச்சாகப் பல முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அதற்கு மேல் வார்னிஷ். குதைக்குள்ளும் பிடிக்கு அடியிலும் விடாமல் பூசுங்கள், ஈரம் அந்த இடங்களில்தான் புகும். ஆனி ஆடிச் சாரலுக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

நாணைக் கழற்றி, இரண்டு ஆணியில் படுக்கையாக மாட்டி வையுங்கள். சுவர் மூலையில் சாய்த்து நிறுத்தினால் கீழ் நுனியில் எடை விழுந்து, தரை ஈரமும் ஏறும். சாரல் முடிந்ததும் ஒருமுறை நிறுத்து, ரீப்பர் வைத்துப் பார்த்து இங்கேயே எழுதுங்கள். எடை ஏறியிருந்து திருகலும் ஏறியிருந்தால், அப்போது ஆரல்வாய்மொழித் தம்பியின் வாளியை எடுக்கலாம்.